உயர்த்திய வண்டியும் இறக்கிய தாங்கியும்

மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன் ஒருவன்

ஒரகடம் கூட்டுரோட்டில் காலை ஏழு மணிக்குக் கால் மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லப் போவது புதிதாக இராது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் அந்த இடத்தில் புதுக் கார்களைச் சுமந்த நீள லாரிகள், டயர் லாரிகள், பெட்டி பெட்டியாக உதிரிப் பாகங்கள் ஏற்றிய வண்டிகள், ஷிப்டுக்கு ஆள் கொண்டு போகும் கம்பெனி பஸ்கள் ஆகியவை ஒன்றையொன்று முட்டாத குறையாகப் போய்க்கொண்டிருக்கும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2012-இல் டைம்லர் லாரித் தொழிற்சாலை. 2013-இல் ராயல் என்ஃபீல்டு. இவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் கம்பெனிகளுக்குக் கணக்கில்லை. நம் கல்லூரியில் பாதிப் பேர் வீட்டில் அண்ணனோ, மாமனோ, சித்தப்பாவோ யாரேனும் ஒருவர் இந்த வட்டாரத்தில் ஒரு போல்ட்டையாவது முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே, கலைக் கல்லூரி மலரில் வண்டியின் அடிவயிற்றைப் பற்றி ஒரு கட்டுரையா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

என் தாய்மாமனும் அப்படிப்பட்ட ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருக்கு ஏரிக்கு அந்தப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு. மழைக்காலத்தில் கலங்கல் வழிந்தால் அந்தப் பக்கம் போகும் வழி முழுவதும் சேறு. இதைச் சாக்காக வைத்து, நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி ஒன்றைக் கைமாற்றாக வாங்கினார். பெயர் வேண்டாம், தவறு வண்டியுடையது அன்று. முன்னால் வைத்திருந்தவர் அதை 50 மி.மீ. உயர்த்தியிருந்தார். பார்க்க நெஞ்சை நிமிர்த்திய காளை போலிருந்தது. ஆனால் எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. ஒருநாள் வாலாஜாபாத்திலிருந்து அத்தையும் குழந்தைகளும் உடன் வர, சாலைப் பள்ளம் ஒன்றில் சக்கரம் இறங்கியதும் வண்டியின் முன்பக்கம் முழுவதும் வெடவெடவென்று ஆடத் தொடங்கிவிட்டது. நிறுத்துவதற்குள் மாமாவின் சட்டை நனைந்துவிட்டது.

ஒரு பட்டறைக்காரர், "டிராப் பிராக்கெட் போட்டா சரியாயிடும்" என்றார். இன்னொருவர், "அதைப் போட்டா வண்டி போச்சு" என்றார். மாமா என்னிடம் வந்தார். "என்ன மாப்ளே, மூணு வருஷமா நெம்புகோல், திருப்புத்திறன்னு படிக்கிறியே, இந்த ரெண்டு பேர்ல யாரு சொல்றது சரி?"

அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை. தமிழ்த்துறை ஆசிரியர்கள் ஒன்றை மட்டும் பொறுத்தருள வேண்டும். பட்டறையில் வழங்கும் சொற்களையே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். 'தொங்கமைப்பு' என்று நான் எழுதினால் மாமாவுக்குப் புரியாது. சஸ்பென்ஷன் என்றால் புரிகிறது.

முதலில் வண்டியை ஏன் உயர்த்துகிறார்கள் என்று பார்ப்போம். வண்டி கல்லிலும் மேட்டிலும் போகும்போது அடிப்பகுதி இடிக்கக் கூடாது. பெரிய டயர் மாட்ட இடம் வேண்டும். காரணங்கள் இவ்விரண்டே. மூன்றாவதாகத் தோற்றம் என்று ஒன்று உண்டு. பெரும்பாலோர்க்கு அதுவே முதற்காரணம் என்பது என் எண்ணம். உயர்த்துவதற்கு எளிய வழி, சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நீளமான ஸ்பிரிங் போடுவது, அல்லது ஸ்பிரிங்கின் தலையில் ஒரு வளையத் துண்டை வைப்பது. அச்சு தரையிலிருந்து அதே உயரத்தில்தான் இருக்கும்; சட்டமும் உடலும் மட்டும் மேலே போகும். இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். திட அச்சு வண்டியில் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல் குண்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஸ்பிரிங்கை நீட்டுவதால் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. அதைக் கூட்டுவது பெரிய டயர் ஒன்றே.

இனி, அச்சை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்? பட்டை ஸ்பிரிங் வண்டிகளில், அதாவது பழைய மகிந்திரா ஜீப்பிலும் 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸியிலும், பட்டையே எடையையும் தாங்குகிறது, அச்சையும் பிடித்துக்கொள்கிறது. அங்கே உயர்த்தினால் பட்டைக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு ஒன்றைச் செருகிக் கோணத்தைச் சரி செய்வார்கள். கதை அதோடு முடிந்தது. சுருள் ஸ்பிரிங்குக்கு எடையைத் தாங்கத் தெரியுமே தவிர அச்சைப் பிடித்துக்கொள்ளத் தெரியாது. ஆகவே அச்சிலிருந்து பின்னோக்கி இரண்டு நீண்ட கைகள் ஓடிச் சட்டத்தில் புஷ் வைத்து மாட்டப்பட்டிருக்கும். குறுக்கே ஒரு தண்டு அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பேன்ஹார்டு ராடு என்று பெயர். 1966-ஆம் ஆண்டின் ஃபோர்டு பிராங்கோவிலும், 1970-இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரிலும், பிறகு டொயோட்டா லேண்ட் குரூசரின் 80 வரிசையிலும் முன்பக்கம் இந்த அமைப்புத்தான். நம் நாட்டில் 2023 ஜூனில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னியிலும் இதுவே. டிராப் பிராக்கெட் பற்றிய வாதம் உலகெங்கும் இவ்வகை வண்டிகளைச் சுற்றித்தான் நடக்கிறது.

இக்கைகள் அச்சோடு இரண்டிரண்டு புஷ்களால் இறுக்கமாகப் பிணைக்கப்பட்டவை. எனவே கை சாய்ந்தால் அச்சும் கூடவே சுழலும். சட்டத்தை 50 மி.மீ. தூக்கினால் கையின் பின்முனை 50 மி.மீ. மேலே போகிறது. முன்முனை அச்சில் இருப்பதால் அங்கேயே நிற்கிறது. கையின் நீளம் 700 மி.மீ. என்று கொள்வோம். 50-ஐ 700-ஆல் வகுத்தால் வரும் சைன் மதிப்புக்குரிய கோணம் ஏறத்தாழ 4 பாகை. அதாவது முன் அச்சே 4 பாகை முன்பக்கமாகக் குப்புறக் கவிழ்ந்துவிடுகிறது.

நான்கு பாகை என்ன பெரிய காரியம் என்று கேட்கலாம். சைக்கிளைப் பாருங்கள். முன்கவை செங்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வுக் கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்று முன்னால் போய் விழும். ஆகையால் சக்கரம் தன் திருப்பு அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது; இழுபடும் எதுவும் தானே நேராகும். கையை விட்டு சைக்கிள் ஓட்டிய நண்பர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். வண்டியில் இந்தச் சாய்வுக்குக் கேஸ்டர் கோணம் என்று பெயர். திட அச்சு வண்டிகளில் அது மொத்தமே சில பாகைகள்தாம். டயரின் ஆரம் 340 மி.மீ., கேஸ்டர் 3 பாகை என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், அந்தப் புள்ளி டயருக்கு 18 மி.மீ. முன்னால் விழுகிறது. அதிலிருந்து 4 பாகையைக் கழித்தால் கோணம் எதிர்க்குறிக்குப் போய், புள்ளி டயருக்கு 6 மி.மீ. பின்னால் போய்விடுகிறது. சக்கரத்தை நேராக்கிக்கொண்டிருந்த அதே விசை இப்போது கோணலாக்கப் பார்க்கிறது. மாமாவின் கையில் ஸ்டியரிங் நிற்காததன் பொருள் இதுதான். இதற்கு மேல் தேய்ந்த புஷ்ஷோ, சமன் செய்யாத டயரோ, தளர்ந்த பேன்ஹார்டு போல்ட்டோ இருந்தால் அந்த வெடவெடப்பும் சேர்ந்துகொள்ளும். கேஸ்டர் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது குறைந்துவிட்டால் மற்றக் குறைகளை மறைத்துத் தாங்குவதற்கு ஆளில்லாமல் போகிறது.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூல், தூக்குக்குண்டு, நம் சோதனைச்சாலைப் பாகைமானி ஆகியவற்றுடன் வண்டிக்கடியில் படுத்தேன். கையின் சாய்வு 11 பாகை வந்தது. மேலே இருந்த வளையத்தின் 50 மி.மீ.-ஐக் கழித்துப் பார்த்தால் முதலில் 7 பாகையாக இருந்திருக்க வேண்டும். இந்தச் சாய்வில் இன்னொரு தீங்கும் இருக்கிறது. கையின் பின்முனை மேலே, முன்முனை கீழே. சக்கரம் மேட்டில் ஏறும்போது அச்சு மேலே போகிறது. ஆனால் கை ஒரு வட்டத்தில்தானே சுழல முடியும்? ஆகவே அச்சு மேலே போகும்போதே முன்னோக்கியும் நகர்கிறது. அதாவது தடுக்கும் கல்லை நோக்கியே போய் முட்டுகிறது. 7 பாகையில் ஒரு சென்டிமீட்டர் ஏற்றத்துக்கு இந்த முன்னகர்வு சுமார் 1.2 மி.மீ.; 11 பாகையில் ஏறக்குறைய 2 மி.மீ. உயர்த்திய வண்டியில் உட்கார்ந்தால் முதுகெலும்பில் இடி விழுவதற்கு ஸ்பிரிங்கின் கடினம் மட்டும் காரணமன்று, இதுவும்தான்.

இங்கேதான் டிராப் பிராக்கெட் வருகிறது. சட்டம் 50 மி.மீ. மேலே போயிற்று, கையின் பின்முனையும் அதோடு போயிற்று. சட்டத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு தாங்கியைத் தொங்கவிட்டு, பின்முனையை மறுபடி 50 மி.மீ. கீழே கொண்டுவந்துவிட்டால்? கை பழைய 7 பாகைக்கு வருகிறது. அச்சு பழைய நிலைக்குச் சுழல்கிறது. கேஸ்டர் திரும்புகிறது, முன்னோக்கி முட்டும் குணமும் குறைகிறது, முறுக்கிக்கொண்டிருந்த புஷ்கள் தளர்கின்றன, பிரேக் பிடிக்கும்போது மூக்கு அமிழும் அளவும் வண்டியைச் செய்தவர்கள் வைத்த இடத்துக்கு ஏறத்தாழ வருகிறது. கம்பெனி கொடுத்த கைகளே போதும். புதிய கை வாங்க வேண்டாம். செலவும் குறைவு. போல்ட் போட்டு மாட்டும் வகையானால் நாளை பிடிக்காவிட்டால் கழற்றியும் விடலாம். ஒரு சிறு இரும்புத் துண்டு இத்தனை காரியம் செய்கிறதென்றால் அதை வெறுப்பானேன் என்று எனக்கே முதலில் தோன்றிற்று. முதல் பட்டறைக்காரர் சொன்னது பொய்யில்லை.

இரண்டாமவர் சொன்னதற்கும் காரணம் இருந்தது.

ஆடு கட்டும் முளைக்குச்சியை எண்ணிப் பாருங்கள். கயிற்றைத் தரையோடு ஒட்டிக் கட்டினால் கிடா எவ்வளவு இழுத்தாலும் முளை அசையாது. அதே கயிற்றை முளையின் தலையில் கட்டினால் ஆட்டுக்குட்டி இழுத்தாலே சாய்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். விசை ஒன்றுதான், தூரம்தான் வேறு. பிராக்கெட் என்பது கயிற்றை முளையின் தலைக்கு மாற்றிக் கட்டுவதாகும். ஒரு கணக்குப் போடுவோம். ஆட்களோடு 1500 கிலோ எடையுள்ள வண்டி. திடீர் பிரேக்கில் எடையின் பத்தில் எட்டுப் பங்கு விசை, அதாவது 1200 கிலோ. அதில் நூற்றுக்கு எழுபது முன்சக்கரங்களுக்கு என்றால் 840. ஒரு பக்கத்துக்கு 420 கிலோ. தாங்கி 60 மி.மீ. தொங்கினால் அதன் அடியில் திருப்புத்திறன் 420 பெருக்கல் 6, அதாவது 2520 கிலோ–சென்டிமீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 25 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டது போல. இது ஒவ்வொரு அவசர பிரேக்கிலும் வரும். கல்லில் மோதினால் இதைவிடப் பன்மடங்கு வரும். எதிர்த் திசையிலும் வரும். இரும்பு ஒரு தடவை தாங்கிவிட்டால் போதாது. இலட்சம் தடவை முன்னும் பின்னும் வளைத்தாலும் தாங்க வேண்டும். இதற்குத்தான் நல்ல தாங்கிகளில் பின்பக்கமாகச் சட்டத்தோடு ஒரு சாய்வுக் கால் கொடுத்து முக்கோணமாக்கியிருப்பார்கள். முக்கோணம் வளையாது என்பது ஓட்டு வீட்டுக் கூரை வேய்கிறவருக்கும் தெரியும்.

அடுத்த குறை இடைவெளி. எதற்காக வண்டியை உயர்த்தினோம்? அடிவயிறு இடிக்காமலிருக்க. இப்போது முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் இரண்டு பக்கமும் இரண்டு தாங்கிகளைக் கீழே தொங்கவிட்டிருக்கிறோம். வாங்கிய உயரத்தை அந்த இடத்தில் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டோம். மலைப்பாறைகளில் ஊர்ந்து ஏறுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை; பாறையில் தாங்கி கொக்கி போல் மாட்டும். நம் பக்கத்து ஏரிக்கரைக்கும் அது பொருந்தும். கரையில் ஏறி உள்ளே இறங்கும்போது முன்சக்கரம் தாண்டியதும் கரையின் முகடு வந்து நிற்பது சரியாக அந்த இடத்தில்தான். மாமாவின் தாங்கி ஒருமுறை ஏரிக்கரையில் கொழுமுனை போலச் சால் போட்டதை நானே பார்த்தேன். சாலையிலும் மண்பாதையிலும் மட்டும் போகிறவர்களுக்கு இக்குறை அவ்வளவாக உறைக்காது.

பேன்ஹார்டு தண்டுக்கும் இப்படியொரு தாங்கி உண்டு. இதைப் பற்றிப் பட்டறைகளில் பேசுவது குறைவு. எனக்கோ இதுதான் மிகவும் சுவையாக இருந்தது. வண்டியை உயர்த்தினால் தண்டின் சட்ட முனை மேலே போய்த் தண்டு சாய்கிறது. அச்சு அந்தப் பக்கமாகச் சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. அதைத் திருத்தச் சட்ட முனையை ஒரு தாங்கியால் இறக்குகிறார்கள். ஆனால் ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு இதற்கு இணையாக ஓட வேண்டியது. ஒன்றை மட்டும் இறக்கி மற்றதை விட்டுவிட்டால் இரண்டும் வெவ்வேறு வட்டத்தில் சுழலும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் ஓட்டுபவர் திருப்பாமலே வண்டி திரும்பும். இன்னொன்று: திருப்பத்தில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது ஏறக்குறைய இந்தத் தண்டு வண்டியின் நடுக்கோட்டைக் கடக்கும் உயரத்தில் இருக்கிறது. 50 மி.மீ. உயர்த்தினால் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 50 மேலே போகிறது. தண்டின் ஒரு முனை மட்டும் உயர்வதால் சாய்வுப் புள்ளி 25 போகிறது. தாங்கியால் அந்த முனையைப் பழைய இடத்துக்கே இறக்கினால் புள்ளி மறுபடி 25 கீழே வந்துவிடும். விளைவு, இரண்டுக்கும் இடைவெளி அதிகமாகி வண்டி திருப்பத்தில் இன்னும் கூடுதலாகச் சாயும். சட்ட முனையை இறக்குவதற்குப் பதில் அச்சு முனையை ஏற்றினால் தண்டு நேராவதோடு புள்ளியும் மேலே போகும். ஸ்டியரிங் தண்டை அதற்கேற்ப மாற்றுவதுதான் வேலை.

முன்பக்கம் தனித்தனிச் சக்கரத் தொங்கல் உள்ள வண்டிகளில் கதை வேறு. 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த புதிய மகிந்திரா தார் அவ்வகை. அங்கே அதிகம் உயர்த்தினால் முதலில் அடிவாங்குவது சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் மூட்டுகள். அவை தாங்கும் கோணத்துக்கு எல்லை உண்டு. ஆகவே அத்தகைய வண்டிகளுக்கு வெளிநாடுகளில் விற்கும் பெரிய தொகுப்புகளில் டிஃபரென்ஷியலையும் கீழ்க்கைகளையும் சேர்த்தே இறக்கிவிடுகிறார்கள். கோணம் தப்பியது, ஆனால் குறுக்குச் சட்டம் பழைய உயரத்திலேயே தொங்கும்.

கேஸ்டரைத் திருத்த வேறு வழியே இல்லையா? உண்டு. துளை நடுவில் இல்லாமல் ஓரத்தில் உள்ள புஷ்களைப் போட்டால் இரண்டு பாகை அளவுக்கு அச்சைத் திருப்பலாம். எதுவும் கீழே தொங்காது. ஆனால் புஷ்ஷில் ரப்பர் ஒரு பக்கம் மெலிந்துவிடுவதால் சீக்கிரம் தேயும். கோணம் மாற்றி வார்த்த புதிய கைகள் மூன்றாவது வழி. வலுவானவை, விலையும் அப்படி. இவ்விரண்டும் கேஸ்டரைத் திருத்துமே தவிரக் கையின் சாய்வைத் திருத்தா. முன்னே சொன்ன முதுகெலும்பு இடி அப்படியே இருக்கும். சாய்வையும் சேர்த்துத் திருத்துவது தாங்கி ஒன்றுதான். அல்லது கைகளை மிக நீளமாக்கிச் சட்டத்தில் புது இடம் தேட வேண்டும். ஆக, சாலையில் சுகமாகப் போக வேண்டும் என்பவருக்குத் தாங்கி நல்லது. பாறையில் ஏற வேண்டும் என்பவருக்குக் கை மாற்றுவது நல்லது. வேடிக்கை என்னவென்றால், தாங்கி வாங்குகிறவர்கள் தம்மைப் பாறையில் ஏறுகிறவர்களாகவே எண்ணிக்கொள்கிறார்கள்.

இனிச் சட்டம். இதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் வண்டியைச் செய்தவர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம்வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் குனிந்து பார்ப்பதும் வண்டிக்கடியில்தான். எதிரே வருபவர் கண்ணைப் பற்றியும் ஒரு சொல்: முன்பக்கம் மட்டும் உயர்ந்தால் முகப்பு விளக்கும் அண்ணாந்துவிடும். அதைத் திருப்பித் தாழ்த்துபவர் எத்தனை பேர்? இரவு ஷிப்டு முடிந்து மொபெட்டில் வீடு திரும்புகிற தொழிலாளிக்கு இந்த வெளிச்சம் என்ன செய்யும் என்பதை நம் சாலையில் போனவர் அறிவார்.

மாமாவிடம் இத்தனையும் சொன்னேன். அதற்குள் அவர் தாங்கி போட்டுவிட்டிருந்தார். பெண்டாட்டி பிள்ளைகளோடு போகிற வண்டி, காத்திருக்க முடியவில்லை என்றார். அது குற்றமில்லை, போட்ட விதந்தான் குற்றம். ஒரு பட்டறையில் 5 மி.மீ. தகட்டைக் கேஸால் அறுத்து, துளை போட்டு, பழைய தாங்கியின் மேல் பற்றவைத்துக் கொடுத்திருந்தார்கள். சாய்வுக் கால் கிடையாது. இடப்பக்கத் துளைக்கும் வலப்பக்கத் துளைக்கும் முன்பின்னாக 4 மி.மீ. வித்தியாசம். கைகளிரண்டுக்கும் இடையே 800 மி.மீ. என்றால் அச்சு கால் பாகைக்கு மேல் கோணிக்கொண்டு நிற்கும். ஆனாலும் வண்டி நேராக ஓடியது, வெடவெடப்பு நின்றது, மாமாவுக்கு மகிழ்ச்சி. இரண்டு மாதம் கழித்து ஏரியிலிருந்து வந்து அடியில் தண்ணீர் அடித்துக் கழுவியபோது, பற்றவைப்பின் ஓரத்தில் தலைமயிர் அளவு ஒரு கோடு தெரிந்தது. கோட்டிலிருந்து பழுப்புநிறத் துரு கசிந்திருந்தது. துணியால் துடைத்தார்; மறுநாள் மறுபடி கசிந்தது. அவர் ஃபிட்டர். அதற்குப் பொருள் அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு வருத்தமாக இருந்தது வேறொன்று. மாமா வேலை செய்யும் தொழிற்சாலையில் உள்ளங்கையளவு தாங்கிக்கும் வரைபடம் உண்டு, எண் உண்டு, துளைக்கு இத்தனை மில்லிமீட்டர் முன்பின் இருக்கலாம் என்ற கணக்கு உண்டு. போல்ட்டை இவ்வளவு முறுக்க வேண்டும் என்று ஸ்பேனரே சத்தம் கொடுக்கும். ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் சோதனைப் பாதைகளோடு இருக்கிறது. செய்யாறில் மகிந்திரா நிறுவனம் இவ்வகை வண்டிகளை ஓட்டிப் பார்ப்பதற்கென்றே 2021-இல் ஒரு பெரிய பாதையைத் திறந்தது. இத்தனையும் நடக்கிற ஊரில், இதே வேலையைக் கையாலே செய்கிறவர், தம் குடும்பம் ஏறுகிற வண்டிக்கு வரைபடமில்லாத தகடொன்றை ஏன் ஒப்புக்கொண்டார்? கேட்டேன். "அங்க சூப்பர்வைசர் இருக்காரு மாப்ளே, இங்க நான்தானே" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு தாங்கிகளை அறுத்தெடுத்தார்கள். 50 மி.மீ. வளையத்தையும் எடுத்துவிட்டு 30 போதும் என்று முடிவு செய்தார். 30-ஐ 700-ஆல் வகுத்தால் கோணம் இரண்டரைப் பாகைக்குள் வருகிறது. அதில் இரண்டை ஓரத்துளைப் புஷ்களே திருத்திவிடும். டயரைப் பழைய அளவுக்கே மாற்றினார். முழுக்க இறக்கிவிட்டால் என்ன என்று அத்தை கேட்டாள். சான்றுப்படிப் பார்த்தால் அத்தை சொல்வதே சரி என்று நானும் சேர்ந்துகொண்டேன். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. இடப்பக்கத் தாங்கி இப்போது நம் இயற்பியல் சோதனைச்சாலையில், திருப்புத்திறன் ஆய்வுக்குரிய மேசையின் மேல் இருக்கிறது. விரிசலின் இரு முனையிலும் சுண்ணக்கட்டியால் குறியிட்டு வைத்திருக்கிறேன். பார்க்க விரும்பும் நண்பர்கள் பிற்பகலில் வரலாம்.